கலியாணச் செலவும் கரிசல் பூமியும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் தை பிறந்தால் மக்காச்சோளம் களத்துக்கு வருகிறது, பருத்தி வெடிக்கிறது, கூடவே கலியாணப் பத்திரிகைகளும் வருகின்றன. கதிரை விற்ற பணம் வீட்டுக்குள் நுழையுமுன் மண்டபத்துக்கு முன்பணமாகவும், நகைக் கடைக்குப் பாக்கியாகவும் வெளியே போய்விடுகிறது. வழி பிறக்க வேண்டிய மாதத்தில் கடன் பிறக்கிறது. இதைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

கலியாணம் மங்களகரமான காரியம். பெற்றோர் பூரிப்பதையும் உற்றார் கூடி உண்பதையும் குறை கூறுவது நமது நோக்கமன்று. வந்தவருக்கு இலை போடுவது இந்நாட்டின் பழைய தர்மம். ஆனால் ஒரு நாள் மகிழ்ச்சிக்காக ஒரு குடும்பம் பத்து வருஷம் வட்டி கட்டுவதும், அந்த வட்டிக்காக நிலம் கைமாறுவதும், அப்படிக் கைமாறுவது ஊரில் எவருக்கும் வியப்பளிக்காமற் போவதும் சாதாரண விஷயங்களல்ல. அவரவர் வீட்டு விவகாரம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. ஆயிரம் வீடுகளில் ஒரே விதமாக நடக்கும் நஷ்டம் தேசத்தின் நஷ்டமே.

வானம் பார்த்த பூமி

இவ்விரு ஜில்லாக்களின் நிலைமையை முதலில் கவனிப்போம். பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து 1995-இல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, மறு வருஷமே மீண்டும் சேர்ந்து, 2007 நவம்பரில் முடிவாகத் தனித்து நின்றது. தெற்கே கொள்ளிடக் கரையோரத்துக் கிராமங்கள் நீங்கலாக, பெரும்பகுதி மானாவாரிப் பூமி. வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் தாலுகாக்களில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் முக்கியப் பயிர்கள். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கங்களில் முந்திரி. மழை தவறினால் மகசூல் தவறும். மழை தவறாத வருஷத்திலோ பூச்சி தவறுவதில்லை. 2018-இல் இந்தியாவுக்குள் புகுந்த அமெரிக்கப் படைப்புழு, அந்த வருஷமே இப்பிரதேசத்து மக்காச்சோளத்தின் குருத்தைத் தின்று, விவசாயிகள் நிவாரணம் கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும்படி செய்தது. இரண்டும் தப்பிப் பிழைத்தால், விலை வீழ்ச்சி காத்திருக்கிறது. வெங்காயம் விலையேறும்போது பட்டறையில் சரக்கிராது. பட்டறை நிறைந்திருக்கும்போது விலையிராது.

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதை நம்பிச் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. ஆயினும் ஊரிலுள்ள எல்லோருக்கும் அங்கே வேலை கிடைத்துவிடவில்லை. சென்னைக்கும் திருப்பூருக்கும், சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் ஏராளம். 2020 மே மாதத் தொடக்கத்தில், கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் வாயிலாகக் கொரோனா நோய் அரியலூரில் திடீரென்று பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தலைநகரில் மூட்டை தூக்கும் கூலியால் இங்கே எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பது அன்றுதான் பலருக்கும் புலப்பட்டது.

2019-இல் மத்திய சர்க்கார் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் நூற்றுக்கு 65 கடனில் இருந்தன. குடும்பம் ஒன்றுக்குச் சராசரிக் கடன் 1,06,000 ரூபாய்க்கு மேல். அகில இந்தியச் சராசரியோ சுமார் 74,000 ரூபாய்தான். இது மாநிலம் முழுமைக்குமான கணக்கு. வானம் பார்த்த பூமியில் வாழ்பவர்கள் இதைவிடச் சுகமாக இருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

ஒரு பவுனின் விலை

இந்த நிலையில் ஒரு கலியாணத்துக்கு என்ன செலவாகிறது? மண்டபம், சாப்பாடு, பட்டு, பாத்திரம், போட்டோ, வீடியோ, பந்தல், விளக்கு என்று பட்டியல் நீள்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, தங்கத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்ப்போம்.

2025 ஜனவரியில் சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கத்தின் விலை 60,000 ரூபாயைத் தாண்டிற்று. அவ்வருஷம் அக்டோபருக்குள் 90,000 ரூபாயையும் தாண்டிவிட்டது. ஒன்பது மாதத்தில் ஒன்றரை மடங்கு. விவசாயியின் விளைபொருள் ஒன்பது மாதத்தில் ஒன்றரை மடங்கு விலையேறிய வருஷம் உண்டா? 2025-26-க்கு மத்திய சர்க்கார் மக்காச்சோளத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலை முழுதும் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். 90,000 ரூபாய்க்கு ஒரு பவுன் வாங்க 37 குவிண்டாலுக்கு மேல் மக்காச்சோளம் விற்க வேண்டும். மானாவாரி நிலத்தில் ஒரு ஏக்கர் மகசூல் அதற்குப் போதாது. உழவு, விதை, உரம், அறுவடைக் கூலி எதையும் நாம் இதில் கழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பத்துப் பவுன் போடுவதாகப் பேசி முடித்த வீட்டுக்கு அந்த விலையில் 9,00,000 ரூபாய் ஆயிற்று. அதன்மேல் நூற்றுக்கு 3 வீதம் வரி மட்டும் 27,000 ரூபாய். செய்கூலியும் சேதாரமும் வேறு. நிலமில்லாக் கூலிக்காரர் வீட்டு நிலையோ இன்னும் பரிதாபம். 2025-26-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஒரு பைசாவும் சாப்பாட்டுக்குச் செலவிடாமல் சேர்த்தாலும், ஒரு பவுனுக்கு 268 நாள் மண் சுமக்க வேண்டும். வருஷத்துக்கு நூறு நாள் வேலை தவறாமல் கிடைத்தாலும், மூன்றாம் வருஷத்தில்தான் அந்த ஒரு பவுன் கைக்கு வரும்.

சிறுகச் சேர்த்துத் தங்கம் வாங்கி வைப்பது பெண்ணுக்குப் பாதுகாப்பல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சேமிப்பிலிருந்து வாங்கிய தங்கம் பாதுகாப்புத்தான். ஆபத்துக் காலத்தில் அடகு வைத்து மீட்கலாம். ஆனால் வட்டிக்கு வாங்கிய பணத்தில் வாங்கிய தங்கம் எப்படிச் சேமிப்பாகும்? அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போன சில மாதங்களில் அங்கே ஒரு கடனுக்காக அடகுக் கடை ஏறுகிறது. பெண் வீட்டார் ஒரு வட்டியும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வட்டியுமாக, ஒரே நகைக்கு இரண்டு வட்டி கட்டும் விந்தையை நம் கிராமங்களில் காண்கிறோம்.

இரண்டு கலியாணமான ஒரு கலியாணம்

தங்கத்துக்கு அடுத்தபடி, சமீப காலத்தில் வீங்கிப் பெருத்திருப்பது நிச்சயதார்த்தம். பூ வைத்தல், பரிசம் போடுதல், ஒப்புத் தாம்பூலம் என்று ஊருக்கொரு பெயர் இதற்கு இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பதினைந்து பேர் பெண் வீட்டுக்கு வருவார்கள். திண்ணையில் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் ஒரு புடவையும் வைத்து, ஊர்ப் பெரியவர் இருவர் முன்னிலையில் தாம்பூலம் மாற்றுவார்கள். கை நனைத்துவிட்டு, பொழுது சாயுமுன் புறப்பட்டுவிடுவார்கள். அதன் பொருள் ஒன்றே: இரு குடும்பமும் வாக்குக் கொடுத்துவிட்டன. வாக்குக்கு விலை கிடையாது; ஆகவே அதற்குச் செலவும் இருந்ததில்லை.

இன்றோ வாக்குக் கொடுப்பதற்கும் மண்டபம் வேண்டியிருக்கிறது. மேடை அலங்காரம், வர்ண விளக்கு, நூற்றுக்கணக்கானவர்களுக்கு விருந்து, மணப்பெண்ணுக்குக் கூலி கொடுத்து அலங்காரம், மோதிரம் மாற்றல், கேக் வெட்டுதல், ஆகாயத்திலிருந்து படம் பிடிக்கும் கருவி எல்லாம் வந்துவிட்டன. கலியாணத்துக்கு முன் ஜோடியாக வெளியூர் சென்று படமெடுத்து வருவது தனிச் செலவு. நிச்சயதார்த்த விருந்தைக் கண்டு, 'நிச்சயமே இப்படி என்றால் கலியாணம் எப்படியிருக்கும்!' என்று ஊரார் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குக் குறைவில்லாமல் கலியாணம் நடந்தாக வேண்டும். சிறிய சடங்கு, பெரிய சடங்கின் செலவுக்கு அடிமட்டம் நிர்ணயித்துவிடுகிறது. வளைகாப்பு, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, அதில் தாய்மாமன் சீர் என்று ஒவ்வொன்றும் இதே வழியில் பெருத்து வருகின்றன.

பழைய வழக்கத்தில் இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. பரிசம் என்பது, உழுதுண்ணும் சமூகங்கள் பலவற்றில், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுத்தது. வயலில் பாடுபடும் ஒரு பெண்ணை அழைத்துச் செல்கிறோம் என்ற மதிப்பு அதில் அடங்கியிருந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பணம் போகும் திசை மாறிவிட்டது. அதே வீடுகள் இன்று வரதட்சிணை கொடுக்கின்றன. அதே வீடுகள் பிள்ளைக்கு வாங்கவும் வாங்குகின்றன. 'எங்கள் குல வழக்கம்' என்று இதற்கு நியாயம் சொல்பவர்கள் தங்கள் பாட்டியைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

யார் குற்றம்?

குடியானவன் ஊதாரி, அதனால்தான் கடனாளியானான் என்ற பேச்சு பழமையானது. வெள்ளைக்கார அதிகாரிகள் இதைச் சலிக்காமல் சொல்லி வந்தனர். 1875-இல் பம்பாய் மாகாணத்துத் தக்காணத்தில் குடியானவர்கள் லேவாதேவிக்காரர்களின் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அதை விசாரிக்க அந்தச் சர்க்காரே நியமித்த கமிஷன் என்ன கண்டது? கலியாணச் செலவு குடியானவனின் சக்திக்கு மீறியதுதான். ஆனால் அவன் கடனுக்கு அதுவே மூலம் என்று சொல்வது மிகை என்று கண்டது. நிலவரியின் கடுமையும் வட்டியின் கொடுமையும் அவன் தலையில் அதைவிடப் பெரிய பாரமாக இருந்தன.

இந்த எச்சரிக்கையை நாமும் மனத்திற் கொள்ள வேண்டும். விலை வீழ்ச்சிக்கும் மழைக் குறைவுக்கும் பூச்சிக்கும் கலியாணப் பந்தல் காரணமன்று. நியாய விலையும் குறைந்த வட்டிக் கடனும் கேட்கும் விவசாயியிடம், 'நீ கலியாணத்தில் செலவழித்தாயே' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளச் சர்க்காருக்கு நாம் சாக்குத் தேடித் தரவில்லை. கஷ்ட காலத்தைக் கலியாணம் உண்டாக்குவதில்லை. கஷ்ட காலத்தில் கையிலிருக்கும் கடைசிக் காணியையும் அதுதான் கொண்டுபோகிறது. விளைச்சல் பொய்த்த கடனுக்குத் தவணை கேட்கலாம். தள்ளுபடி கேட்டுப் போராடலாம். 1938-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் எத்தனையோ குடும்பங்களின் வட்டிச் சுமையைக் குறைத்தது. ஆனால் இன்று கலியாணத்துக்கென்று தண்டல்காரரிடமும் அடகுக் கடையிலும் குழுக் கடனிலும் வாங்கும் பணத்தை எந்தச் சர்க்கார் தள்ளுபடி செய்யும்? மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. கந்து வட்டிக்கு எதிராக 2003 முதலே ஒரு சட்டம் உண்டு. இவை மிரட்டலையும் அநியாய வட்டியையும் தடுக்கலாமே தவிர, வாங்கிய முதலைத் தீர்த்துவிடமாட்டா.

அப்படியானால் ஏழை ஏன் செலவழிக்கிறான்? அறியாமையால் என்று சொல்வது சுலபம். உண்மை வேறு. அவன் தனியாகச் செலவைக் குறைத்தால் ஊர் அதைச் சிக்கனம் என்று சொல்வதில்லை; 'ஒடிந்து போனான்' என்று சொல்கிறது. ஒடிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்குக் கடன் பிறக்காது. அடுத்த பெண்ணுக்கு நல்ல வரன் வராது. ஆகவே உள்ளே வெறுமையாயிருந்தாலும் வெளியே பந்தல் போட்டுக் காட்டவேண்டிய நிர்ப்பந்தம். இது ஒருவனுடைய அசட்டுத்தனமன்று. ஊரே சேர்ந்து ஒவ்வொருவன் மேலும் விதிக்கும் வரி. எல்லோரும் கொடுக்கிறார்கள், எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், முதலில் நிறுத்த எவருக்கும் துணிவில்லை.

மொய் வந்து ஈடு கட்டிவிடும் என்ற சமாதானம் ஒன்று உண்டு. மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் அதை வரவு என்று சொல்ல மாட்டார்கள். எழுதிய ஒவ்வொரு வரியும் திருப்பித் தரவேண்டிய பற்று. கஷ்டத்தில் கைகொடுக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மொய் வாங்குவதற்கென்றே ஆடி ஆவணியில் விருந்து வைக்கும் அளவுக்கு அது வளர்ந்திருப்பதை நாம் அறிவோம். கஷ்ட வருஷத்தில் பத்து வீட்டுப் பத்திரிகை ஒரே மாதத்தில் வந்தால், மொய் எழுதவே கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன செய்தது?

சட்டத்தால் இதைத் தடுக்க முடியாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டத்துக்குக் குறைவில்லை. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இல் அமலுக்கு வந்தது. பின்னர் 1984-இலும் 1986-இலும் அதைக் கடுமையாக்கினார்கள். இன்று வரதட்சிணை கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது 5 வருஷச் சிறை. கலியாணத்தில் கொடுக்கும் அன்பளிப்புகளுக்கு மதிப்புடன் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று 1985-இல் விதியும் செய்தார்கள். மொய்க்கு நோட்டுப் போடும் நம் ஊர்களில் இந்தப் பட்டியலை எழுதிய கலியாணம் எத்தனை என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சீன யுத்தத்துக்குப் பின், 1963 ஜனவரியில், 14 காரட்டுக்கு மேற்பட்ட சுத்தமுள்ள நகை செய்யக்கூடாது என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து தவித்தன. ஜனங்களின் தங்க ஆசை மட்டும் குறையவில்லை. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் 1990-இல் ரத்து செய்ய நேர்ந்தது. பாகிஸ்தானில் 1997-இல் கலியாண விருந்தையே தடை செய்து சட்டம் போட்டார்கள். 2017-இல் ஜம்மு காஷ்மீர் சர்க்கார், பெண் வீட்டுக் கலியாணத்துக்கு 500 பேர், பிள்ளை வீட்டுக்கு 400 பேர், நிச்சயதார்த்தம் போன்ற சிறு வைபவத்துக்கு 100 பேர் என்று அளவு வைத்தது. போலீஸ்காரர் இலைகளை எண்ணிக்கொண்டு நிற்பதால் மட்டும் ஒரு சமூகம் திருந்திவிடுமென்று நாம் நம்பவில்லை. ஜனங்கள் தாங்களாக ஏற்காத சட்டம் காகிதத்தில்தான் உயிர்வாழும்.

பெரிய வீட்டுப் பந்தல்

ஜனங்கள் எப்போது ஏற்பார்கள்? தாங்கள் மதிப்பவர்கள் செய்து காட்டும்போது. 1933 ஜூன் மாதம் பூனாவில் மகாத்மா காந்தியின் குமாரர் தேவதாஸுக்கும் ராஜாஜியின் குமாரி லக்ஷ்மிக்கும் விவாகம் நடந்தது. இரு பக்கமும் தேசப் பிரசித்தர்கள். விரும்பியிருந்தால் நாடே திரண்டிருக்கும். ஆயினும் சில நெருங்கிய நண்பர்கள் முன்னிலையில் அந்த மணம் மிக எளிமையாக முடிந்தது. உலகெங்கும் வியாபார மந்தம் சூழ்ந்து, நெல் விலை பாதாளத்துக்குப் போய், தமிழ்நாட்டுக் குடியானவன் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. 1942-இல் ஜவஹர்லால் நேருவின் குமாரி இந்திராவின் மணப் புடவை, தகப்பனார் சிறையில் நூற்ற நூலில் நெய்த கதர். தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தினர் சடங்குகளை விலக்கிய திருமணத்தை 1928 முதலே நடத்தி வந்தார்கள். 1967-இல் அண்ணாதுரை மந்திரிசபை அதற்குச் சட்ட அங்கீகாரமும் தேடித் தந்தது. மாலை மாற்றினாலே மணம் செல்லும் என்பது அதன் சாரம். ஆஸ்திகர் வழியிலும் எளிமை இருந்தது. நாஸ்திகர் வழியிலும் எளிமை இருந்தது. இரு வழியினரின் வாரிசுகளும் இன்று ஆடம்பரத்தில் மட்டும் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

1995 செப்டம்பர் 7 அன்று சென்னையில், அப்போதைய முதலமைச்சரின் வளர்ப்பு மகனுக்கு நடந்த கலியாணத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதன் செலவுக் கணக்கு பின்னர் சொத்துக் குவிப்பு வழக்கிலும் ஏறிற்று. 2016 நவம்பர் 8 அன்று பெரிய நோட்டுகள் செல்லாவென்று அறிவித்து, நாட்டார் பாங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். கலியாண வீட்டாருக்கும் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் எடுக்க அனுமதியில்லை. அதே மாதம் 16-ஆம் தேதி பெங்களூரில் கர்நாடகத்து முன்னாள் மந்திரி ஒருவர் வீட்டுக் கலியாணம் அரண்மனை போன்ற ஜோடனைகளுடன் நடந்தது. வரிசையில் நின்ற ஏழை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

எல்லாவற்றினும் துயரமான சம்பவம் ஒன்றுண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், அரசியல் கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்காகச் சாலை நடுவே கட்டிய பானர் அவிழ்ந்து விழுந்தது. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் நிலைதடுமாறி வீழ்ந்து, தண்ணீர் லாரி ஏறி மாண்டாள். இனி பானர் வைக்கமாட்டோம் என்று கட்சிகள் அறிக்கை விட்டன. பெரம்பலூர் பழைய பஸ் நிலையத்திலோ, ஜெயங்கொண்டம் நாலு ரோட்டிலோ நின்று பார்ப்பவர்கள் அந்த அறிக்கைகளின் ஆயுள் எவ்வளவு என்பதை அறிவார்கள்.

இதை வாசிக்கும் அரசியல் தொண்டர்களிடம் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். ஒன்றியச் செயலாளர் வீட்டுக் கலியாணம் எப்படி நடக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் கிளைச் செயலாளர் வீட்டுக் கலியாணம் நடக்கிறது. அதைப் பார்த்துத்தான் சாமானியன் வீட்டுக் கலியாணம் நடக்கிறது. வறுமையை ஒழிப்போம் என்று காலையில் மேடையில் முழங்கியவர், மாலையில் ஐம்பது அடி பானரின் கீழே மணமக்களை வாழ்த்தினால் ஜனங்கள் எதை நம்புவார்கள்? பேச்சையா, பானரையா?

பிறவாத பெண்கள்

இந்த ஆடம்பரத்தின் விலையை நாம் ரூபாயில் கணக்கிட்டோம். ரூபாயில் அடங்காத விலை ஒன்றும் உண்டு. 2011 ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குத் தமிழ்நாடு முழுவதிலும் 943 பெண்கள் இருந்தனர். அரியலூர் ஜில்லாவில் 900 பெண்கள்கூட இல்லை. கடலூரும் அரியலூருமே மாநிலத்தில் கடைசி இடங்கள். பிறந்திருக்க வேண்டிய பெண்கள் எங்கே?

கலியாணச் செலவுப் பயம் ஒன்றே இதற்குக் காரணமென்று நாம் கூறவில்லை. ஆனால் பெண் பிறந்ததும் 'இத்தனை பவுன் சேர்க்க வேண்டுமே' என்று தகப்பன் முகம் சுருங்குகிற நாட்டில், அந்தப் பயத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று எவரால் சொல்ல முடியும்? கங்கைகொண்ட சோழபுரத்தைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் ஜில்லா, தன் பெண் மக்களைப் பாரமென்று எண்ணும் ஜில்லா என்று பெயரெடுக்கலாமா?

சர்க்காரே இவ்விஷயத்தில் ஒரு பாடம் கற்றிருக்கிறது. 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு 5,000 ரூபாய் உதவும் திட்டம் தொடங்கியது. 2011-இல் அதனுடன் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016-இல் அது 8 கிராமாயிற்று. 2022-இல் அத்திட்டம் உருமாறி, சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாயிற்று. தங்கத்தைவிடப் படிப்புப் பெண்ணை நன்றாகக் காக்கும் என்பது இதன் கருத்து. 90,000 ரூபாய்க்கு வாங்கும் ஒரு பவுன் விலையில், மாதம் 1,000 ரூபாய் வீதம் ஏழரை வருஷம் ஒரு பெண்ணைப் படிக்க வைக்கலாம். பத்துப் பவுன் போடத் துணிந்த தகப்பனாருக்கு இந்தக் கணக்குப் புரியாமற் போகாது.

செய்ய வேண்டியது

கலியாணத்தைச் சுருக்கினால் சமையற்காரரும் பூக்காரரும் வாத்தியக்காரரும் பிழைப்பது எப்படி என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் இப்போது பெருகும் செலவில் அவர்கள் பங்கு என்ன? பெரும்பணம் தங்கத்துக்குப் போகிறது. தங்கமோ ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. நாதஸ்வரமும் தவிலும் இருந்த இடத்தில் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் நிற்கின்றன. உள்ளூர்ச் சமையற்காரரை அமர்த்தி, உள்ளூர்ப் பூ வாங்கி, உள்ளூர் மேளம் வைக்கும் கலியாணத்தை நாம் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டோம்.

நமது யோசனைகள் எளியவை. முதலாவது, நிச்சயதார்த்தம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இரு வீட்டாரும் சேர்ந்து 50 பேர் போதும். தாம்பூலம், பூ, பழம், ஒரு வேளைச் சாப்பாடு. நகையும் மேடையும் வேண்டாம். 2020-இல் நோய்க்குப் பயந்து கலியாணத்துக்கே 50 பேர் என்று சர்க்கார் அளவு வைத்தபோது, மணங்கள் நின்றுவிடவில்லை. வீட்டு வாசலில் தாலி கட்டியவர்களின் தாம்பத்தியத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. நோய் கற்பித்ததை அறிவு கற்பிக்கக்கூடாதா?

இரண்டாவது, இத்தனை பவுன் என்று பேசுவதை நிறுத்த வேண்டும். பெண்ணுக்குத் தர நினைப்பதை அவள் பெயரில் பாங்கியிலோ, அவள் படிப்பிலோ போடட்டும். 1985-ஆம் வருஷத்து விதிப்படி பட்டியலும் எழுதட்டும்.

மூன்றாவது, இதை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்ய முடியாது. ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டும். குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. ரோட்டையும் விளக்கையும் பேசும் சபை இதையும் ஒரு நாள் பேசட்டும். அபராதம், ஊர்விலக்கு என்ற பழைய கொடுமைகள் இதில் தலைகாட்டக் கூடாது. ஒப்புக்கொண்டவர்கள் கையெழுத்திட்டு நடந்து காட்டினால் போதும். பத்து வீடு ஒப்புக்கொண்டால் பதினோராவது வீட்டை யாரும் ஒடிந்த வீடு என்று சொல்ல முடியாது.

நான்காவது, முக்கியமானது: வசதியுள்ளவர்கள் முதலில் தொடங்க வேண்டும். ஏழை குறைத்தால் இல்லாமை என்பார்கள். இருப்பவர் குறைத்தால்தான் அது கொள்கையாகும். ஆலையதிபர், ஒப்பந்தக்காரர், கட்சிப் பிரமுகர், வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவர் ஆகியோர் வீடுகளில் முதல் எளிய கலியாணம் நடக்கட்டும். எல்லாக் கட்சிகளின் ஜில்லா நிர்வாகிகளும் ஒரு தீர்மானம் செய்யலாம்: பானர் கட்டிய கலியாணத்துக்கும், வரதட்சிணை பேசிய கலியாணத்துக்கும் தாங்கள் தலைமை வகிக்கப் போவதில்லை என்று. இதற்குச் சட்டம் வேண்டாம். நிதி ஒதுக்கீடு வேண்டாம். மந்திரியின் கையெழுத்து வேண்டாம். அழைப்பை மறுக்கும் துணிவு ஒன்றே போதும்.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். இரண்டும் கஷ்டம் என்பது அதன் பொருள். கலியாணம் பண்ணி வீட்டை இழந்து பார் என்று அவர்கள் சொல்லவில்லை. வரும் தையில் மக்காச்சோளம் விற்ற பணம் ஒரு வருஷமாவது குடியானவன் வீட்டில் தங்கட்டும். அந்தப் பணத்தில் கிணறு ஆழமாகட்டும்; பெண் கல்லூரிக்குப் போகட்டும். அவ்வாறு நடக்கும் முதல் எளிய கலியாணம் எந்தத் தலைவர் வீட்டில் என்பதைக் காணக் காத்திருக்கிறோம்.